குரூப்பில் போட வேண்டாம்

டிசம்பர் 9, செவ்வாய்

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி ஒன்று நாற்பது. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. காலேஜில் ரெக்கார்டு நோட்டை எப்போதும் கடைசி நாளில்தான் கொடுப்பேன். மன்னிப்போடு ஆரம்பித்துப் பழகிவிட்டது.

ஆதிரை இப்போதுதான் தூங்கினாள். நாலு மாதம் இருபது நாள். தொட்டில் கொக்கி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிறீச்சிடுகிறது. எண்ணெய் விட வேண்டும் என்று ஒரு வாரமாக நினைக்கிறேன்.

இந்த நோட்டை லோகு வாங்கி வந்தார். பச்சைத் துணி அட்டை, உள்ளே கோடு போட்ட நல்ல காகிதம். கல்யாணமாகி இரண்டரை வருஷத்தில் நான் கேட்காமல் அவர் வாங்கி வந்த முதல் பொருள் இதுதான்.

"காலேஜ்ல என்னமோ எழுதிட்டே இருப்பீன்னு உங்கம்மா சொன்னாங்கல்ல. தினமும் நாலு வரி எழுது மதி. நான் படிக்க மாட்டேன்" என்றார். ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எம்.எஸ்சி. தாவரவியல் படித்தேன். இரண்டு வருஷம் மெட்ரிக் பள்ளியில் ப்ளஸ் ஒன்னுக்குப் பாடம் எடுத்தேன். இப்போது ஒரு நாளைக்கு நாலு வரி.

நாலு வரிக்கு மேலேயே ஆகிவிட்டது.

டிசம்பர் 10, புதன்

இன்று லோகு ஒரு காலில் நீல சாக்ஸும் இன்னொரு காலில் மஞ்சள் சாக்ஸும் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். கேட்டதற்கு, "கிறிஸ் மாம் டாஸ்க்" என்றார்.

இந்த விளையாட்டு எனக்கும் தெரியும். ஈரோட்டில் ஹாஸ்டலில் விளையாடியிருக்கிறோம். டிசம்பர் வந்ததும் எல்லோர் பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்குவார்கள். என் பெயர் யாருக்கு விழுகிறதோ அவர்தான் என் கிறிஸ் மாம். நான் அவருடைய கிறிஸ் சைல்ட். அம்மா யாரென்று பிள்ளைக்குத் தெரியக்கூடாது. ஒளித்து வைத்துச் சின்னச் சின்னப் பரிசு கொடுப்பார், கூடவே ஒரு துண்டுச் சீட்டில் ஏதாவது செய்யச் சொல்லுவார். செய்துதான் ஆக வேண்டும். பார்ட்டி அன்றைக்கு மேடையில் அம்மா யாரென்று வெளியே வரும். என்னை ஒரு சீனியர் அக்கா தலையில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு பாட வைத்தாள்.

லோகுவின் கம்பெனி சரவணம்பட்டியில் இருக்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை. அங்கே கூடுதலாக ஒரு விதி: சொன்னதைச் செய்து, போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டால் பாயிண்ட்.

"யாருங்க உங்க அம்மா?"

"தெரிஞ்சிட்டா அப்புறம் என்ன விளையாட்டு?"

சின்ன வயசுப் பெண் யாராவதாக இருக்கும். சாக்ஸ் யோசனை அப்படித்தான் இருக்கிறது.

டிசம்பர் 11, வியாழன்

தலை வாரவில்லை. அவ்வளவுதான்.

டிசம்பர் 12, வெள்ளி

லோகு ஆறரை மணிக்கே வந்துவிட்டார். வழக்கமாக ஒன்பது, ஒன்பதரை ஆகும். "சிஸ்டம் டவுனுங்களா?" என்றேன். "சும்மாதான் வந்தேன்" என்றார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்து குழந்தையின் பதினாலு துணியையும் அலசிப் போட்டார். சோப்பு நுரை முழங்கை வரைக்கும். நான் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கு முன்னால் பால்கனிக் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டார். புறா வருகிறதாம், குழந்தைக்கு ஆகாதாம்.

இந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அந்த பால்கனி. நாலாவது மாடி. ராத்திரி ஆதிரை அழும்போது அவளைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் நிற்பேன். காற்று வரும். கீழே கார்களின் மண்டை வரிசையாகத் தெரியும். வெள்ளை, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. இப்போது சாவி லோகுவின் பர்ஸில் இருக்கிறது. துணி காயப்போட அவரே திறந்து, அவரே பூட்டுகிறார்.

நான் ஒரு நாளும் புறாவைப் பார்த்ததில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று மூன்று மணி நேரம் தூங்கினேன். ஒரே மூச்சில்.

காலை ஆறு மணிப் பாலுக்குப் பிறகு லோகு குழந்தையை வாங்கிக்கொண்டு, "படு" என்றார். ஹாலில் பாயிலேயே படுத்துவிட்டேன். கண் விழித்தபோது வெயில் டிவி ஸ்டாண்ட் வரைக்கும் வந்திருந்தது. வீடு அமைதியாக இருந்தது. குழந்தை போய்விட்டாள் என்றே நினைத்துவிட்டேன். எழுந்து ஓடினால், லோகு அவளை ஒரு துண்டால் மார்போடு கட்டிக்கொண்டு தோசை சுட்டுக்கொண்டிருக்கிறார்! அவள் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோசை எந்த வடிவத்திலும் சேராது. ஒவ்வொரு தோசையையும் கல்லோடு படம் வேறு எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்க போட்டோ?"

"சும்மா... எங்கம்மாவுக்கு."

நாலு தோசை சாப்பிட்டேன். சட்னி உப்புக் கரித்தது. சொல்லவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

ராத்திரி இரண்டு மணிப் பாலை இனி அவர்தான் கொடுப்பாராம். நான் படுக்கும் முன் எடுத்து வைத்தால் போதும். நேற்று அலாரம் வைத்துத் தானே எழுந்தார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம், கோபிசெட்டிபாளையத்தில், அவள் குரல் தாழ்ந்துவிட்டது, பக்கத்தில் அப்பா இருந்தார் போல.

"மாப்பிள்ள துணி தொவைக்கறாரா? வெளிய யாருகிட்டயும் சொல்லிப் போடாத கண்ணு. கேக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"என்னம்மா நெனப்பாங்க? நல்லவருன்னு நெனப்பாங்க."

"உனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லையே. ஏன்?"

எனக்காக ஒருவர் மாறியிருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாகவே பார்த்துப் புரிந்துகொண்டு. எழுதியதைத் திரும்ப ஒரு தடவை படித்துப் பார்த்தேன், சந்தோஷத்தில்தான்.

டிசம்பர் 17, புதன்

சாயங்காலம் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. லோகு ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். முன்பெல்லாம், "இப்ப என்ன ஆச்சுன்னு அழுகறே?" என்பார். பத்து நிமிஷத்தில் நின்றுவிட்டது.

தொட்டில் கொக்கிக்கு எண்ணெய் விட்டாயிற்று.

டிசம்பர் 19, வெள்ளி

நாளைக்குக் கம்பெனியில் கிறிஸ்மஸ் பார்ட்டி. குடும்பத்தோடு வரவேண்டுமாம். குழந்தை பிறந்த பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர நான் எங்கும் போனதில்லை.

எந்தப் பிளவுஸும் சேரவில்லை. மாம்பழ நிறச் சேலைக்குப் பிளவுஸைப் பிரித்து விட்டேன். பக்கவாட்டில் பழைய தையல் கோடு தெரிகிறது, முந்தானையால் மறைத்துக்கொள்ளலாம். ஊக்கு ஏழு.

"வரலைன்னா பரவால்லையா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் உன்னையப் பாக்கணுங்கறாங்க மதி. ஒரு மணி நேரம். கேக் சாப்பிட்டுட்டு வந்தர்லாம்."

எல்லோரும் ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? கேட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் 20, சனி

எழுத முடியவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நானே வேறு மாதிரி மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

பார்ட்டி அவர்கள் கேன்டீன் ஹாலில். கூரையெல்லாம் காகித நட்சத்திரம், மூலையில் குடில். வைக்கோலுக்கு நடுவில் மாடுகள் இருந்தன, குழந்தை இயேசு இருந்த இடம் காலியாக இருந்தது. இருபத்திநாலாம் தேதி ராத்திரிதான் வைப்பார்களாம். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தெரிந்தவளைப் பார்த்துச் சிரிப்பதுபோல. எனக்கு அப்போது அது பிடித்திருந்தது.

கொஞ்ச நேரத்திலேயே ஆதிரை பசிக்கு அழ ஆரம்பித்தாள். எங்கே போவது என்று தெரியாமல் நின்றபோது ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சந்தன நிறக் காட்டன் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. "இங்க வாம்மா" என்று தன் அறைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக் கதவில் தன் சால்வையை விரித்து மாட்டினார். நாற்காலியில் ஒரு தலையணை வைத்தார். கால் வைக்க ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். பிறகு வெளியே போய்க் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பாதியில் யாரோ வந்து, "மேடம், ஸ்டேப்ளர்" என்றபோது, "இப்ப இல்லப்பா, பத்து நிமிஷம் கழிச்சு வா" என்று சொன்னது கேட்டது.

பால் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்ததும், "தூங்கறியாம்மா இப்பல்லாம்?" என்று கேட்டார்.

எல்லோரும் குழந்தை தூங்குகிறாளா என்றுதான் கேட்பார்கள். என்னைக் கேட்டவர் இவர்தான். எனக்கு வாய் திறந்துகொண்டது. "தூங்கறனுங்க. எங்க வீட்டுக்காரரு ரொம்ப மாறிட்டாருங்க. துணியெல்லாம் அவரே அலசறாரு. யாரும் சொல்லிச் செய்யறதில்ல, தானா செய்யறாரு. அந்த மாதிரி மனசு எல்லாருக்கும் வராதுங்க" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

"அப்படியா? சந்தோஷம்மா" என்று சிரித்தார். நான் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஹாலுக்கு வந்தால் மேடையில் மைக் பிடித்த பையன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பின்னால் சுவர் அகலத்துக்குத் திரை.

"அடுத்தது, இந்த வருஷத்தோட பெஸ்ட் சைல்ட், நம்ம லோகு அண்ணன்! வாங்கண்ணா, டயப்பர் மாத்தியாச்சுங்களா?"

சிரிப்பு. லோகு போய் நின்றார். திரையில் சாக்ஸ் படம் வந்தது. கேன்டீனில் நாற்காலி மேல் நின்று பாடும் படம் வந்தது. அடுத்ததாக, தோசை.

"ஞாயித்துக்கிழமை பொண்டாட்டியத் தூங்க விட்டுட்டு டிபன் செய்யணும். இதான் டாஸ்க்கு! செஞ்சிட்டாருங்க அண்ணன்! தோசையப் பாருங்க, ஆஸ்திரேலியா மேப்பு!"

தோசைக்குப் பின்னால், சமையலறை வாசலுக்கு அப்பால், ஹாலில் பாயில் நான் படுத்திருந்தேன். வாய் திறந்திருந்தது. தலைமுடி விளக்குமாறு. நைட்டியில் பால் காய்ந்த கறை இரண்டு பக்கமும். சுவர் உயரத்துக்கு இருந்தேன்.

"டேய், பின்னாடி யார்ரா அது, பாடி மாதிரி?" என்று ஒரு குரல். "ஷ்ஷ், அவங்க வந்திருக்காங்கடா" என்று இன்னொன்று. அதற்குத்தான் அதிகச் சிரிப்பு.

எல்லோரும் ஏன் தெரிந்தவளைப்போல என்னைப் பார்த்தார்கள் என்று அப்போது புரிந்தது.

"வேற என்னென்ன டாஸ்க்குண்ணா வந்துச்சு?" என்று பையன் மைக்கை நீட்டினான். லோகுவுக்கு மேடை என்றால் நடுக்கம். நடுங்கினால் இளிப்பார். "துணி தொவைக்கச் சொன்னாங்க" என்றார். கைதட்டல். "சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னாங்க." விசில். "ராத்திரி ரெண்டு மணிப் பாலு..." ஒவ்வொரு சிரிப்புக்கும் அடுத்ததைச் சொன்னார்.

எனக்குள் ஒவ்வொன்றாக அணைந்தது. வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை ராத்திரி. எல்லாம் பாயிண்ட்.

"அண்ணியும் மேல வாங்க! அண்ணி, உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டாவதா ஒரு அம்மா கெடச்சிருக்காங்க. அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க!"

ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். முந்தானை விலகித் தையல் கோடு தெரிந்ததும் நினைவிருக்கிறது. என் மனதில் ஒரு பெண் இருந்தாள். இருபத்திமூன்று வயது, நல்ல தூக்கம் தூங்கிய முகம், உட்கார்ந்த இடத்திலிருந்து என் வீட்டைப் பொம்மை வீடுபோல ஆட்டிவைக்கிறவள். அவளிடம்தான் பேசினேன்.

"அடுத்தவ வீட்டுக் குடும்பத்துக்கு அம்மாவா இருக்க ஆசப்படறவங்க, மொதல்ல சொந்தமா ஒண்ணைப் பெத்து வளத்துப் பாத்துட்டு வரட்டும்" என்றேன்.

மைக்கில் சொன்னேன். என் குரல் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பையன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். "சரிங்... லோகு அண்ணனோட கிறிஸ் மாம்... பெர்னதெத் மேடம்" என்றான். முதல் வார்த்தையில் இருந்த சத்தம் கடைசி வார்த்தையில் இல்லை.

மேடைக்குப் பக்கத்திலிருந்து, கையில் பரிசுப் பொட்டலத்தோடு, சந்தன நிறச் சேலை ஏறி வந்தது.

ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். அவரைப் பார்த்ததும் ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. அழகான சின்னப் பெண் இல்லை, இந்த அம்மாதானா என்று. அந்த நொடிதான் எனக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருக்கிறது.

பொட்டலத்தை லோகுவிடம் கொடுத்தார். ஆதிரை அவர் சிலுவையைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் கையும் பாதி தூரம் வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆண்டவர் ஆசீர்வதிப்பாரும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி, சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

நான் இறங்கி உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிப் பெண் மெதுவாகச் சொன்னாள். "மேடத்துக்குக் குழந்த இல்லைங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

தெரிந்திருந்தால் மட்டும் அந்த வார்த்தை நல்ல வார்த்தையா? ஹாஸ்டலில் எங்கள் வார்டனைப் பற்றி ஒருத்தி இதையே சொன்னபோது நான் இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அந்த நான்தான் இந்த நான்.

டிசம்பர் 22, திங்கள்

நேற்று முழுக்க லோகுவும் நானும் பேசவில்லை. இன்று அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்டேன். "சீட்டெல்லாம் எங்க?"

"எதுக்கு?"

"கொடுங்க."

பர்ஸிலிருந்து எடுத்தார், பால்கனிச் சாவிக்குப் பக்கத்திலிருந்து. சாக்ஸ், பாட்டு எல்லாம் வெள்ளைத் தாள். அது தவிர ஆறு நீலத் தாள், நாலாக மடித்தது. சாய்ந்த பழைய காலத்துக் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்.

"மகனே, இந்த நோட்டை உன் மனைவிக்குக் கொடு. நீ வாங்கியதாகச் சொல். அவள் எழுதுவதைப் படிக்காதே."

"மகனே, ஆறு மணிக்கு மேல் உனக்கு இங்கே வேலை இல்லை. எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போ. துணியை அலசு."

"பால்கனிக்கு இன்றைக்கே பூட்டுப் போடு. புறா வருகிறது என்று சொல்."

"ஞாயிறு காலை அவளை மூன்று மணி நேரம் எழுப்பாதே. ஆனால் வெளியே போகாதே. அவள் கண்ணில் படும் தூரத்தில் இரு."

"இரண்டு மணிப் பால் உன்னுடையது."

"அவள் அழுதால் ஏன் என்று கேட்காதே. பக்கத்தில் உட்கார்."

ஆறிலும் அடியில் கோடு போட்டு ஒரே வரி: குரூப்பில் போட வேண்டாம்.

"அப்புறம் ஏங்க போட்டீங்க?"

"தோசை நல்லா வந்துச்சு மதி" என்றார். "நாலு தோசை சாப்ட்ட நீ. ரெண்டு மாசமா ஒரு தோசைக்கு மேல நீ சாப்ட்டு நான் பாக்கல. அந்த சந்தோசத்துல... பின்னாடி நீ இருந்ததையே நான் கவனிக்கல."

ஆபீஸ் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் அட்மின் பெர்னதெத் மேடம்தான். சீட்டுக் குலுக்கியதும் அவர்தானாம். நவம்பரில் ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லோகு சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். "எங்க வீட்ல ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தையத் தூக்கிட்டு பால்கனியில நிக்கறாங்க, காத்து வாங்கறாங்களாம், இந்தக் குளிர்ல." எல்லோரும் சிரித்தார்களாம். மேடம் மட்டும் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டாராம்.

"அன்னைக்கே என்னையத் தனியாக் கூப்ட்டுச் சொன்னாங்க. அவங்க தங்கச்சி, பொள்ளாச்சியில. குழந்த பொறந்து அஞ்சாவது மாசம். எல்லாரும் அசதின்னு நெனச்சாங்களாம். கெணத்துக்குத் தண்ணிக்குத்தான் போறான்னு..."

பர்ஸை மூடிப் பையில் வைத்தார்.

"எனக்கு அப்பவும் புரியல மதி. நம்ம வீட்ல அப்படியெல்லாம் இல்லீங்க மேடம்னு சொல்லிட்டேன். பத்து நாள் கழிச்சு இந்தச் சீட்டு வருது. விளையாட்டுன்னா செஞ்சுதான ஆகணும்."

நான் துணி மடித்தேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

மேடம் இரண்டு நாளாக ஆபீஸுக்கு வரவில்லையாம். பண்டிகை லீவுதான் என்கிறார் லோகு. போன வருஷம் இருபத்திநாலாம் தேதிவரை இருந்து எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தவராம்.

நம்பர் வாங்கினேன். இரண்டு தடவை அழைத்து, மணி அடிக்கும் முன்னே வைத்துவிட்டேன்.

அம்மா கூப்பிட்டாள். "பார்ட்டி எப்படி கண்ணு இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. கேக் குடுத்தாங்க."

டிசம்பர் 24, புதன்

மேடம், இதிலிருந்து உங்களுக்கு எழுதுகிறேன். யோசித்துப் பார்த்தால் முதல் பக்கத்திலிருந்தே உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறேன். அப்போது தெரியவில்லை.

நீங்கள் கொடுத்த பொட்டலம் சனிக்கிழமையிலிருந்து அலமாரி மேலேயே இருந்தது. இன்று சாயங்காலம் பிரித்தேன். பருத்தி நைட்டி, பால் கொடுக்க வசதியாக முன்னால் ஜிப் வைத்தது. இளம்பச்சை. அளவு சரியாக இருக்கிறது. அதன் மடிப்பில் ஏழாவது நீலத் தாள்.

"மகனே, டாக்டர் அம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். 29, திங்கள், மாலை நாலு மணி. மனசுக்குப் பார்க்கிறவர், தன்மையாகப் பேசுவார். இது அவள் குற்றமில்லை என்று முதலில் சொல். பிறகு கேள். அவளுக்குச் சம்மதமென்றால் நான் கூட வருகிறேன். குரூப்பில் போட வேண்டாம்."

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். லோகு ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது அதற்குச் சீட்டு எதுவும் இல்லை.

காற்று வாங்க நிற்கிறேன் என்றுதான் லோகுவிடம் சொன்னேன். அம்மாவிடமும், இந்த நோட்டிடமும்கூட அதைத்தான் சொன்னேன். நான் காற்று வாங்கவில்லை மேடம். கார்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு ராத்திரியும் கம்பிக்கு இன்னும் ஒரு அடி நெருங்கி நிற்பேன். ஆதிரையைத் துண்டால் சுற்றியிருப்பேன், அவளுக்குக் குளிரக்கூடாது என்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. பூட்டுப் போட்ட அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு ராத்திரி பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு போய்ப் படுத்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருந்தது. என்னை ஒரு தடவைகூடப் பார்க்காமலே தெரிந்திருந்தது. அந்த உங்களைத்தான் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். உங்கள் சால்வைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன். கோபத்தில் வந்துவிட்டது என்று எழுதினால் பொய். எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தேன். ஆள்தான் தெரியவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அதைக் கேட்க எனக்கு இன்னும் முகம் இல்லை.

நானே கொண்டுவந்து கொடுக்க நினைத்தேன். பண்டிகை நாளில் உங்கள் வாசலில் வந்து நின்றால், வா என்றுதான் சொல்லுவீர்கள். உங்களை அப்படிச் சொல்ல வைக்கக்கூடாது. அதனால் நாளைக்குக் காலையில் நீங்கள் பூசை முடிந்து வந்ததும் லோகு இந்த நோட்டைக் கொண்டுவந்து தருவார். நீங்கள் வாங்கியதுதான். முதலிலிருந்து படியுங்கள். உங்களைப் பற்றித் தெரியாமல் எழுதியதும் இருக்கிறது, எதையும் கிழிக்கவில்லை. அவரைப் படிக்க விடவில்லை, நீங்கள் சொன்னபடி. பால்கனியைப் பற்றி மட்டும் இன்று நானே அவரிடம் வாயால் சொன்னேன். சாவி அவரிடமே இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

அந்தப் படத்தை குரூப்பிலிருந்து எடுக்கும்படி லோகு சொல்லிவிட்டார். எடுத்துவிட்டார்கள். நான் சொன்னதை அப்படி எடுக்க முடியவில்லை.

29ஆம் தேதி நான் போகிறேன். எப்படியும் போகிறேன், அது நிச்சயம். லோகு கூட வருவார். ஆனால் அந்த அறைக்குள் என்னோடு உட்கார, நான் சொல்ல முடியாமல் நிறுத்தினால் மிச்சத்தைப் புரிந்துகொள்ள, உங்களைத் தவிர எனக்கு யாரையும் தெரியவில்லை. நான் சொன்னதற்குப் பிறகும் நீங்கள் வருவீர்களா? வரமாட்டேன் என்றாலும் சரி, அதையே எழுதுங்கள். அதுவும் எனக்குத் தெரிய வேண்டும்.

ஆதிரை இருமுகிறாள். எழுந்துவிடுவாள் போலிருக்கிறது. இரண்டு மணிப் பாலுக்கு அலாரம் அடிக்க இன்னும் கால் மணி இருக்கிறது, லோகு எழுந்துவிடுவார்.

பின்னால் பக்கங்கள் நிறையக் காலியாக இருக்கின்றன. ஒரு வரி போதும். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது மேடம். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

வான்மதி